ஓடுற கார் திடீர்னு நின்னா: கேள்வி பதில்

வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு விஷயம். "அடிக்கடி ஆஃப் ஆகுது"ன்னு மட்டும் எழுதினா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. எஞ்சின் சூடான பிறகா, காலையில முதல் ஸ்டார்ட்லயா? சிக்னல்ல நிக்கும்போதா, ஓட்டத்திலயா? அடங்கி அடங்கி நிக்குதா, சுவிட்ச் அணைச்ச மாதிரி பட்டுனு நிக்குதா? மறுபடி எவ்வளவு நேரத்துல ஸ்டார்ட் ஆகுது? இதை ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. பட்டுனு நின்னா பெரும்பாலும் கரண்ட் பக்கம் கோளாறு. இழுத்து இழுத்து, திணறி நின்னா பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்.

கேள்வி: 2006 மாடல் பெட்ரோல் கார். காலையில அருமையா ஓடும். முக்கால் மணி நேரம் ஓட்டினா பட்டுனு ஆஃப். அரை மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. பிளக், பெட்ரோல் பம்ப், பேட்டரி மூணையும் மாத்தியாச்சு. (ஓசூர்)

பதில்: சூட்டுல நின்னு, ஆறினா ஓடுற வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது, எஞ்சின் தண்டு சுத்துறதைக் கவனிக்கிற கிராங்க் பொசிஷன் சென்சாரைத்தான். பல வண்டியில அதுக்குள்ள மெல்லிசான கம்பிச் சுருள் இருக்கும். வயசானா கம்பி எங்கயாவது விட்டுப்போகும். சூட்டுல அந்த இடம் விலகும், ஆறினா சேர்ந்துக்கும். சென்சார் சிக்னல் வரலேன்னா எஞ்சின் சுத்துறதே இசியூவுக்கு (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) தெரியாது. ஸ்பார்க், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ரெண்டையும் நிறுத்திடும்.

அடுத்த தடவை நிக்கும்போது செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. நிறைய வண்டியில அது 200, 250ன்னு லேசா எழும்பும். முன்னாடி எழும்பின முள் இப்ப அசையவே இல்லேன்னா சென்சார் மேல சந்தேகம் பலமாகுது. கை எட்டுற இடத்துல சென்சார் இருந்தா ஈரத்துணியை அது மேல வச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆனா வேற சாட்சி தேவையில்ல. இசியூ பதிஞ்ச கோளாறைப் படிக்கிற ஸ்கேனர்ல பி 0335ன்னு கோளாறு நம்பர் (கோடு) விழலாம், விழாமலும் இருக்கலாம். கோடு இல்லைங்கிறதுக்காக சென்சாரை விட்டுடாதீங்க.

ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்தித் தர்ற இக்னிஷன் காயிலும் சூட்டுல இதே ஆட்டம் ஆடும். ஆனா அப்ப ஆர்பிஎம் முள் பொதுவா எழும்பும், இன்ஜெக்டரும் வேலை செய்யும், ஸ்பார்க் மட்டும் இருக்காது.

கேள்வி (அதே நண்பர்): அப்ப பம்ப் மாத்தினது வீண்தானா?

பதில்: வீண்தான். பழசைத் தூக்கிப் போடலேன்னா டிக்கியில வச்சுக்கோங்க.

கேள்வி: அப்பா காலத்து அம்பாசிடர், கார்புரேட்டர் பெட்ரோல். மத்தியானம் ட்ராஃபிக்ல மாட்டினா நின்னுடுது. வேப்பர் லாக்னு சொல்லி பம்ப் மேல ஈரத்துணி சுத்தச் சொல்றாங்க. சரியா? (மதுரை)

பதில்: சொல்றது சரிதான். இதுல பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலயே உட்கார்ந்திருக்கு. நகராத ட்ராஃபிக்ல காத்து இல்லாம சூடேறி, பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாகிடும். ஆவியைப் பம்பால தள்ள முடியாது. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் இந்தச் சூட்டுல இன்னும் சுலபமா ஆவியாகுது. துணியை நனைச்சுப் போட்டதும் ஸ்டார்ட் ஆனா வேப்பர் லாக்தான். லைனை சைலன்சர் பக்கத்துல இருந்து தள்ளிக் கட்டுங்க, ரேடியேட்டர் தண்ணியும் ஃபேன் பெல்ட்டும் பாருங்க.

துணி போட்டும் அசையலேன்னா கண்டென்சர் (ஏசியோடது இல்ல, ஸ்பார்க் பக்கத்து சின்ன கண்டென்சர்). வெயில்ல சாகுற பொருள் அது. விலை குறைச்சல்ங்கிறதாலயோ என்னவோ யாரும் சந்தேகப்படுறதில்ல. அதோட சிபி பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை விட்டு விட்டு வெட்டுற முனைகள்) இடைவெளி 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கான்னு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசான தகடு) வச்சுப் பாருங்க. கண் அளவுல வைக்கிற மெக்கானிக்கை நம்பாதீங்க.

கேள்வி: ஏசி போட்டுட்டு சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகிடுது. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சுக்கிட்டே இருந்தா நிக்கிறதில்ல. (சென்னை)

பதில்: எஞ்சினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பாடியில கரி, இல்லேன்னா ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதப்ப காத்து விடுற ஐடில் வால்வு அடைப்பு. கழட்டி க்ளீனர் அடிச்சுத் துடைங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சுச் சுரண்டக் கூடாது. விரிசல் விட்ட வேக்கூம் ஹோஸ் இருக்கான்னும் தடவிப் பாருங்க.

கேள்வி: ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா சில சமயம் எஞ்சின், டாஷ்போர்டு லைட், எஃப்எம் எல்லாம் ஒரே நேரத்துல செத்துப்போகுது. உடனே திரும்ப வருது. நாலு மெக்கானிக் பார்த்தாச்சு. (திருச்சி)

பதில்: எல்லாம் ஒண்ணா சாகுதுன்னு எழுதினீங்களே, அதுதான் முக்கியமான துப்பு. பம்ப், சென்சார் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரி டெர்மினலைக் கையால திருகிப் பாருங்க, அசையவே கூடாது. அடுத்து பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போற எர்த் ஒயர். வெளியில ரப்பர் பளபளன்னு இருக்கும், உள்ள பச்சை பூத்து செம்பு பொடிஞ்சு கிடக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல.

அது நல்லா இருந்தா இக்னிஷன் சுவிட்ச். வண்டி நிக்கிற இடத்துல எஞ்சின் ஓடும்போது சாவியை லேசா ஆட்டுங்க. வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி படம்னு கொத்தா மாட்டி ஓட்டுறவங்களுக்கு இந்த சுவிட்ச் சீக்கிரம் தேயும்.

இன்னொண்ணும் கேட்கணும்: பின்னாடி யாராவது ரிமோட் அலாரம், சென்ட்ரல் லாக் மாட்டினாங்களா? அதுல எஞ்சினை நிறுத்துற கட் ரிலே இருந்தா, இக்னிஷன் ஒயரை நடுவுல வெட்டித்தான் மாட்டியிருப்பாங்க. ஸ்டியரிங் கீழ டேப் சுத்தின முடிச்சு தெரிஞ்சா அதைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. புதிர்னு சொல்லி வர்ற பழைய கார்கள்ல கணிசமானது இந்த டேப்புக்குள்ளதான் முடியுது.

கேள்வி: பெட்ரோல் போட்டுட்டு பங்க்கை விட்டுக் கிளம்பும்போது மட்டும் திணறி நின்னுடும். மத்த நேரம் பிரச்னை இல்ல. (சேலம்)

பதில்: டேங்க் ஆவியைப் பிடிச்சு வைக்கிற டப்பாதான் கேனிஸ்டர்; அதுல இருந்து எஞ்சினுக்கு ஆவியை விடுற பர்ஜ் வால்வு மூடாம திறந்தே நிக்குது. டேங்க்ல சேர்ந்த ஆவி மொத்தமும் எஞ்சினுக்குள்ள போய் மூச்சடைக்குது. எஞ்சின் ஓடாதப்ப வால்வைக் கழட்டி ஊதிப் பாருங்க, காத்து போகக் கூடாது. நாசில் கிளிக்னு நின்ன பிறகு "ரவுண்டா போடுங்க"ன்னு பங்க்ல சொல்ற பழக்கத்தையும் விடுங்க. வழிஞ்ச பெட்ரோல் கேனிஸ்டருக்குள்ளதான் போகுது.

கேள்வி: பழைய டீசல் ஜீப். காலையில ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிஷத்துல நின்னுடும். கைப்பம்ப் அடிச்சா ஓடும். (தேனி)

பதில்: ராத்திரியில டீசல் டேங்குக்கு இறங்கி, லைன்ல காத்து புகுது. டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள ஹோஸ், கிளிப், ஃபில்டர் வாஷர் மூணையும் புதுசா போடுங்க. வெளியில டீசல் கசியலேன்னாலும் காத்து உள்ள போகும். கொஞ்ச தூரத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியுற டியூப் மாட்டினா குமிழியைக் கண்ணாலயே பார்க்கலாம். ஃபில்டர் அடியில தண்ணியையும் வடிங்க.

கேள்வி: ஏற்காடு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் நின்னுடுச்சு. கை கால் உதறிடுச்சு. அந்த நேரத்துல என்ன செய்யணும்?

பதில்: சாவியை முழுசா அணைக்காதீங்க, ஸ்டியரிங் லாக் விழலாம். ஆன்லயே இருக்கட்டும். பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர்ல மிச்சமிருக்கிற வேக்கூம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே மிதியா அழுத்திப் பிடிங்க. பவர் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், ஆனா திரும்பும், பலமா இழுங்க. ஹசார்டு போட்டு ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல்லு வைங்க. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

காரணத்துக்கு ஒரு கேள்வி: டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு? ரிசர்வ்ல மலை இறங்கினா வளைவுல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப் காத்தை உறிஞ்சும். டேங்குக்குள்ள இருக்கிற பம்பைப் பெட்ரோல்தான் குளிர வைக்குது, அதனால காலி டேங்க்ல ஓட்டினா பம்பும் சீக்கிரம் போகும்.

கேள்வி: ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா? வண்டி 2003 மாடல்.

பதில்: உங்க வண்டிக்கு வேண்டாம். இந்தியாவுல ஓபிடி (வண்டியே தன் கோளாறைப் பதிஞ்சு வைக்கிற முறை) கட்டாயமானது 2010ல பிஎஸ் 4 புகை விதி வந்தப்போதான், ஓபிடி 2 வந்தது 2013ல. அதுக்கு முந்தின கார்ல சாக்கெட் இருந்தாலும் கம்பெனி ஸ்கேனரோட மட்டும் பேசலாம். அந்தக் காசுக்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், கார்புரேட்டர் க்ளீனர் ஒரு கேன் வாங்குங்க. வண்டி செத்து நிக்கும்போது ஏர் ஃபில்டர் பைப்பைக் கழட்டி க்ளீனரை லேசா ஒரு தடவை அடிச்சு, பைப்பை மாட்டிட்டு செல்ஃப் போடுங்க. ரெண்டு செகண்ட் ஓடி நின்னா ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல்தான் வரல. அசையவே இல்லேன்னா ஸ்பார்க்கைத் தேடுங்க.