தனி வாளி, தனித் துண்டு

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 31. மூன்று வயதில் ஒரு மகள். ஐந்து மாதத்துக்கு முன் பிறப்புறுப்பில் கடுகளவு மரு இரண்டு வந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கழுத்து மருவுக்கு வைப்பது போலச் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைத்தேன். வெந்து புண்ணாகிவிட்டது. அப்புறம்தான் டாக்டரிடம் போய்ச் சுட்டு எடுத்தேன். இரண்டே மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி முளைத்துவிட்டது.

பால்வினைத் தொற்று என்று தெரிந்ததும் கணவர், "யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டார். அவரைத் தவிர எனக்கு யாரும் இல்லை, மேடம். இப்போது அவர் கூடத்தில் படுக்கிறார். என் வாளி, துண்டு எல்லாம் தனி. மகளை மடியில் உட்கார வைக்கவும் பயமாக இருக்கிறது. புற்றுநோயாகிவிடுமா?

– ஈரோடு மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரி,

மகளைத் தாராளமாக மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது உடலுறவில் தோலோடு தோல் உரசிப் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸ். மடியில் உட்கார்ந்தால் ஒட்டாது. வாளிக்கும் தீட்டு இல்லை.

இந்த மருக்களில் பெரும்பாலானவை 6, 11 என்ற வகைகளால் வருகின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான 16, 18 வேறு. ஆனாலும் 30 வயதைக் கடந்த பெண்கள் எல்லோரும் செய்யவேண்டிய கருப்பைவாய்ப் பரிசோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள்.

மரு திரும்ப வந்தது உங்கள் தவறல்ல. சிகிச்சை மருவைத்தான் எடுக்கும், வைரஸை அல்ல. முதல் மூன்று மாதங்களில் திரும்ப முளைப்பது சகஜம். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். அதுவரை திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, டாக்டர் தடவும் அமிலம், வீட்டில் பூசும் களிம்பு என்று வழிகள் உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மருந்துகளை அப்போது போடக்கூடாது. சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. இந்த வைரஸ் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எதையும் காட்டாமல் உள்ளே இருக்கும். அவர் உடம்பில் ஒரு மருகூட இல்லாமல் உங்களுக்கு வந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். யார் யாருக்கு, எப்போது கொடுத்தார்கள் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இப்படி முதலில் கேட்டவரே, தன் பழைய கதை வெளியே வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்லவேண்டிய குற்றவாளியாக நீங்கள் மட்டும் நிற்கத் தேவையில்லை.

"எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை. டாக்டரிடம் சேர்ந்து போகலாம், வாங்க" என்று ஒரே ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சத்தியம் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இருவரும் காட்டிக்கொள்ளலாம். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. மரு ஆறும்வரை உறவைத் தள்ளிவைப்பது நல்லது. பிறகு கொஞ்ச காலம் ஆணுறை உதவும், முழுப் பாதுகாப்பு இல்லையென்றாலும். பேச வாய் வராவிட்டால் இந்தப் பதிலையே அவரிடம் படிக்கக் கொடுங்கள். பிறகும் அவர் கூடத்திலேயே படுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.