லென்ஸ் மாற்றும்போது தூசி: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் படியும் தூசி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே பயம்தான், வேறு வேறு வார்த்தைகளில். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: புதுசா மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கியிருக்கேன் அக்கா. லென்ஸைக் கழற்றினா சென்சார் அப்படியே பளபளன்னு தெரியுது. கழற்றவே கை நடுங்குது. நீங்க எப்படி மாத்துறீங்க?

கை நடுங்க வேண்டாம் தம்பி. என் அனுபவத்தில், காற்றில் பறந்து வந்து விழும் தூசியைவிட நாமே கொண்டுபோய் உள்ளே வைக்கும் தூசிதான் அதிகம். லென்ஸின் பின்மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுகிறோம். அங்கே நூலும் பஞ்சும் கிடக்கும். அதே மூடி திரும்ப லென்ஸில் ஏறும். அந்த லென்ஸ் கேமரா பாடியில் ஏறும்போது பஞ்சும் கூடவே குடிபோய்விடும்.

நான் செய்வது இது. ஃபேனை நிறுத்திவிடுவேன். பழைய லென்ஸும் பாடியும் சேரும் வளையத்தைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் ஒரு துடைப்பு. புது லென்ஸை மேசையில் முன்மூடி கீழே இருக்கும்படி நிறுத்தி, பின்மூடியைத் தளர்த்தி, எடுக்காமல் மேலேயே விட்டுவைப்பேன். லென்ஸைப் பொருத்த அடையாளமாக இருக்கும் மவுண்ட் புள்ளி என்னைப் பார்த்து இருக்க வேண்டும், ஏனென்றால் புள்ளியைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, பழையதைக் கழற்றி வைத்து, புதியதை ஏற்றிவிடுவேன். தளர்த்தி வைத்த மூடி பழைய லென்ஸுக்குப் போய்விடும். வாய் திறந்திருப்பது சில விநாடிதான்.

நிக்கானுக்கு மாறியவர்கள் கவனிக்க: கேனான், சோனியில் திருகும் திசைக்கு நேரெதிர். பழக்கதோஷத்தில் முறுக்காதீர்கள்.

கேள்வி: ஆஃப் செய்யாமலே மாற்றுகிறேன். கெட்டுவிடுமா?

கெடாது. ஆனால் ஆஃப் செய்வதில் லாபம் உண்டு. 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், ஆஃப் செய்ததும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் திரையான ஷட்டரை மூடிக்கொள்ளும். மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத நிக்கான் இசட்9-இல் இதற்கென்றே ஒரு தடுப்பு இருக்கிறது. சில மாடல்களில் இந்த வசதியை மெனுவில் போய் நாம்தான் இயக்க வேண்டும். ஒன்று மட்டும்: அந்த ஷட்டர் இதழ்கள் மிக மெல்லியவை. திறந்த சென்சாரைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். விரல் படக்கூடாது, அருகில் வைத்து வேகமாக ஊதவும் கூடாது.

கேள்வி: வானத்தில் சாம்பல் நிறப் புள்ளி. எஃப்/2.8-இல் எடுத்தால் காணோம், எஃப்/16-இல் வருகிறது. லென்ஸ் போச்சா சார்?

சார் இல்லை, அக்கா! லென்ஸ் பத்திரமாக இருக்கிறது. நாம் சென்சார் தூசி என்று சொல்வது உண்மையில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல்தான் உட்காருகிறது. அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, அகலமாக இருந்தால் (எஃப்/2.8) ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். சின்னதாக்கினால் (எஃப்/16) நிழல் கூர்மையாக விழும். அதனால் அகலமான துளையிலேயே போர்ட்ரெயிட் எடுப்பவருக்கு வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

உறுதி செய்ய: குறைந்த ஐஎஸ்ஓ, எஃப்/16 அல்லது எஃப்/22, ஃபோகஸ் இன்ஃபினிட்டியில். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து, கேமராவை லேசாக அசைத்தபடி எடுங்கள். தாளின் கறை கலங்கிப்போகும், தூசி மட்டும் அசையாமல் நிற்கும். வேறு லென்ஸிலும் அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழும். கேமராவை எதிரிலிருந்து பார்த்தால், படத்தின் மேல் இடது மூலைப் புள்ளி சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ்தான் மாறும், இடம் வலம் மாறாது. இது தெரியாமல் நானே வெகுநேரம் தப்பான மூலையில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேள்வி: வாயால் ஊதினால் போதாதா? கீபோர்டு சுத்தம் செய்யும் காற்று டப்பா இருக்கிறது, அது?

இரண்டும் வேண்டாம். வாயால் ஊதிய கதை என்னிடமே உண்டு. ஒரு தூசிக்காக ஊதினேன், எச்சில் துளி ஒன்று தெறித்துக் காய்ந்து, நடுவில் வட்டமாக நின்றது. தூசியை எடிட்டிங்கில் அழித்திருக்கலாம், அந்த வட்டத்தோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை. டப்பாவில் இருப்பது வெறும் காற்றல்ல, வாயுவாக மாறும் திரவம். சாய்த்தால் திரவமாகவே பீய்ச்சிவிடும். ரப்பர் பிளோயர்தான் சரி. சென்சாரில் ஊதுவதற்கு முன் வெளியே நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள், அதன் வயிற்றுக்குள்ளும் தூசி இருக்கும்.

கேள்வி: ஊதியும் போகவில்லை.

முதலில் மெனுவில் உள்ள கிளீனிங்கை ஓட்டுங்கள். ஃபில்டரை அதிரவைத்து உதறும் இந்த வித்தை 2003-இல் ஒலிம்பஸ் இ-1-இல் வந்தது. ஒட்டிக்கொண்ட தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றுக்கு ஸ்வாப், அதாவது துடைக்கும் துணி சுற்றிய தட்டைக் குச்சிதான் வழி. பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகலம். சென்சார் சுத்தம் செய்யும் திரவம் ஓரிரு துளி, சொட்டச் சொட்ட வேண்டாம். ஒரு பக்கத்தால் ஓர் இழுப்பு, மறுபக்கத்தால் திரும்பி ஓர் இழுப்பு, குப்பையில் போடுங்கள். பேட்டரி முழுதாக இருக்கட்டும். டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் தூக்கி நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி துடைக்கும்போது இறங்கினால் வம்பு. ஊதாமல் நேராக ஸ்வாப் போட்டால் மணல் துகள் கீறிவிடும்.

கேள்வி: லென்ஸைக் கழற்றியதே இல்லை. எனக்கும் புள்ளி வருகிறதே அக்கா?

ஜூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உறிஞ்சித் தள்ளும், அதோடு தூசியும் வரும். ஷட்டரின் தேய்மானத் துகளும் உண்டு.

கேள்வி: மணல் காற்றில்?

மாற்றாதீர்கள். அவ்வளவுதான். முடியவே முடியாது என்றால் காற்றுக்கு முதுகு காட்டி, சட்டைக்குள் வைத்து மாற்றுங்கள், சட்டையை முதலில் உதறிவிட்டு.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் ஒரு முடி தெரிகிறது. படத்தில் இல்லை.

அது வியூஃபைண்டருக்குப் பிம்பம் காட்டும் ஃபோகசிங் ஸ்கிரீனில் இருக்கிறது. படத்தில் வராது, விட்டுவிடுங்கள். தோண்டப் போனால் ஸ்கிரீனில் கீறல் விழும், அந்தக் கீறலை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே படம் எடுக்க வேண்டியிருக்கும்.