ஸ்டாம்ப், மார்க்கர், வாழ்த்து அட்டை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

படம் செதுக்கிய ஸ்டாம்பை மையில் தோய்த்துத் தாளில் குத்தி, ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டி வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நிறம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் நிறத்தால் வருபவை அல்ல. தாளில் எவ்வளவு ஈரம் இறங்குகிறது, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பதில்களைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கறுப்பு மையில் பூ ஸ்டாம்ப் குத்தி, நன்றாகக் காயவிட்டுத்தான் வண்ணம் தீட்டினேன். மார்க்கர் பட்டதும் கோடெல்லாம் கரைந்து இதழ் முழுக்க அழுக்காகிவிட்டது. தண்ணீரில் கரையாத மை என்றுதானே டப்பாவில் போட்டிருக்கிறது?

டப்பாவில் போட்டிருப்பது உண்மைதான். தண்ணீரில் கரையாது. ஆனால் உங்கள் மார்க்கரில் இருப்பது ஆல்கஹால். தண்ணீருக்கு அசையாத மை பல நேரம் ஆல்கஹாலுக்குக் கரைந்துவிடும். எண்ணெய் கலந்த பிக்மென்ட் மைகள், அதாவது நிறத்துகள் கலந்த மைகள் (வெர்ஸாஃபைன் போன்றவை) வாட்டர்கலருக்கு அருமையாக இருக்கும், மார்க்கர் பட்டால் இழுபடும். கண்ணாடி, பிளாஸ்டிக் மேல் குத்தப் பயன்படும் ஸ்டேஸ்ஆன் மாதிரியான சால்வென்ட் மைகளும் அப்படித்தான்.

உங்களுக்கு வேண்டியது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட டை மை (சாயம் கரைந்த மை). மெமெண்டோவின் டக்ஸீடோ பிளாக்கைப் பலரும் பயன்படுத்துவது இதனால்தான். அதே மை மேல் ஈரத் தூரிகை வைத்தால் ஓடிவிடும், ஆல்கஹால் மார்க்கர் வைத்தால் அசையாது. ஆக, வாட்டர்கலருக்கு ஒரு கறுப்பு, மார்க்கருக்கு ஒரு கறுப்பு என்று இரண்டு இங்க் பேட் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

சரியான மையாக இருந்தாலும் குத்திய கையோடு தீட்டாதீர்கள். சில நிமிடம் விடுங்கள், அவசரமென்றால் ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். புது மை வாங்கினால் முதலில் ஒரு துண்டுத் தாளில் குத்திக் காயவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே வெளிர் மார்க்கரால் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தாளை மட்டும் பார்த்தால் போதாது, நிப்பின் நுனியையும் பாருங்கள். அதில் சாம்பல் ஏறியிருந்தால் அந்த மை வேண்டாம். நிப்பில் ஏறிய கறுப்பு அடுத்தடுத்த படங்களிலும் வந்து விழும்.

வீட்டு பிரிண்டரில் படத்தை அச்சடித்துத் தீட்டலாமா?

இங்க்ஜெட் என்றால் நன்றாகக் காயவிட்டுப் பெரும்பாலும் தீட்டலாம். லேசர் பிரிண்டரின் டோனரைச் சில நேரம் ஆல்கஹால் கரைத்து இழுக்கக்கூடும். எதுவானாலும் மேலே சொன்ன அதே சோதனைதான்.

எந்தத் தாள் வாங்குவது? என் தாளில் மார்க்கர் பின்பக்கம் வரை ஊறிவிடுகிறது. தாள் மட்டமா?

மட்டமில்லை, பின்பக்கம் ஊறுவது நல்லதுதான். மை தாளுக்குள் முழுதாக இறங்கினால்தான் இரண்டு நிறங்கள் உள்ளே கலக்க முடியும். மேலேயே நின்றுகொண்டால் கலக்காது, திட்டுத் திட்டாகத் தெரியும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் நடப்பது அதுதான். வாட்டர்கலர் தாளும் இதற்குச் சரிவராது. அதன் சொரசொரப்பு நிப்பைத் தேய்க்கும், மையைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

வழுவழுப்பாக, பூச்சில்லாமல், 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனத்தில் ஒரு வெள்ளை கார்டுஸ்டாக் (தடித்த அட்டைத் தாள்) போதும். நீனா நிறுவனத்தின் சோலார் வொயிட் 80 பவுண்டு தாள் (216 ஜிஎஸ்எம்) உலகம் முழுக்க அட்டை செய்கிறவர்கள் கையில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் இட் பிளெண்டிங் கார்டும் நல்ல தாள். இவைதான் வேண்டும் என்றில்லை. கிடைக்கிற தாள்களில் ஒரே நிறத்தைப் போட்டு, எதில் மை ஓரத்தில் பிசிறில்லாமல் நிற்கிறதோ அதை எடுங்கள்.

பின்பக்கம் ஊறுவதால் ஒன்றை மறக்கக் கூடாது: அட்டையின் மேலேயே நேரடியாகத் தீட்டாதீர்கள், உள்பக்கம் எழுத இடமே இருக்காது. தனித் துண்டில் தீட்டி, அதை அட்டையில் ஒட்டுங்கள். தீட்டும்போது அடியில் ஒரு வேண்டாத தாளும் இருக்கட்டும்.

எவ்வளவு முயன்றாலும் வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் நடுவில் கோடு தெரிகிறது. பிளெண்டிங் வரவே மாட்டேன் என்கிறது.

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஒரே ஒரு ரோஜா இதழை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கோபிக் என்ற ஆல்கஹால் மார்க்கர் பிராண்டில் ஆர்22, ஆர்24, ஆர்27 என்று வெளிரிலிருந்து அடர் வரை மூன்று சிவப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆர்22-ஐ இதழ் முழுக்கப் பூசுங்கள். இது நிறத்துக்காக மட்டும் அல்ல, தாளை நனைப்பதற்காக. அது காய்வதற்குள் ஆர்27-ஐ எடுத்து, இதழ் இன்னொரு இதழுக்கு அடியில் போகிற இடத்தில் தூரிகை நிப்பை அழுத்தி வைத்து, வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே மேலே தூக்குங்கள். கோடு தடிமனாகத் தொடங்கி முடி மாதிரி மெலிந்து முடிய வேண்டும். இப்படி நான்கைந்து கோடு, நீளம் ஒன்றுபோல இல்லாமல். இதழின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அடுத்து ஆர்24. அந்த மெலிந்த முனைகள் மேல் தொடங்கி, அதே மாதிரி இழுத்துத் தூக்கி, இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவாருங்கள். கடைசியாக மறுபடி ஆர்22: ஆர்24 முடிகிற இடத்தில் வைத்து, சிறு சிறு வட்டமாக நுனி வரை போங்கள்.

இந்தக் கடைசிச் சுற்றில்தான் கோடு மறைகிறது. வெளிர் மார்க்கரில் இருக்கும் ஆல்கஹால், ஏற்கெனவே இறங்கிய சாயத்தை மறுபடி இளக்கி, பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிடுகிறது. பலர் அடர் நிறத்தோடு நிறுத்திவிட்டு, கோடு தெரிகிறதே என்று இன்னும் அடர் நிறம் போடுகிறார்கள். திரும்பி வெளிர் நிறத்துக்கு வர வேண்டும்.

அப்புறம், பூ முழுக்க வெளிர் நிறம் பூசிவிட்டு முதல் இதழுக்குத் திரும்பி வந்தால் அது காய்ந்திருக்கும். ஒரு இதழை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று நிறங்களுக்கு நடுவில் இடைவெளி அதிகமானாலும் கலக்காது. ஆர்20-க்குப் பக்கத்தில் நேராக ஆர்29-ஐ வைத்தால் எந்தக் கையாலும் சேர்க்க முடியாது.

எங்கே நிறுத்துவது? தாளின் மேல் ஈரம் மினுமினுவென்று நின்றால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் போட்டால் மை கோட்டைத் தாண்டும். காய்ந்தபின் நிறம் ஒரு படி வெளிறும், அதனால் ஈரத்தில் இருக்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

120 நிற செட் வாங்கலாமா, 24 போதுமா?

செட் வாங்காதீர்கள் என்பேன். சிறிய செட்டுகளில் பெரும்பாலும் சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு, நீலம் ஒன்று என்று உதிரியாக இருக்கும், ஒன்றோடு ஒன்று சேராது. அதற்குப் பதில் நான்கு குடும்பங்களில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு வாங்குங்கள்: ஒரு பழுப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு, ஒரு சாம்பல். இதை வைத்தே நிறையத் தீட்டலாம்.

கோபிக் ஸ்கெட்ச் வரிசையில் 358 நிறங்கள் உண்டு. அத்தனையும் பார்த்து மிரள வேண்டாம், எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். எழுத்து நிறக் குடும்பம். அடுத்த இலக்கம் பெரிதாகப் பெரிதாக நிறம் மங்கிச் சாம்பல் பக்கம் போகும். கடைசி இலக்கம் பெரிதாகப் பெரிதாக அடர்த்தி கூடும். எழுத்தும் நடு இலக்கமும் ஒன்றாக இருந்து கடைசி இலக்கம் இரண்டு மூன்று தள்ளி இருந்தால் அவை இயல்பாகச் சேரும். ஈ33, ஈ35, ஈ37 அப்படி ஒரு பழுப்பு வரிசை. மரம், முடி, கரடி பொம்மை, கூடை எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

மற்ற பிராண்டுகளின் எண்கள் இந்தக் கணக்கில் வராது. எந்த மார்க்கரானாலும், நீங்கள் தீட்டும் அதே தாளில் ஒவ்வொரு நிறத்தையும் போட்டுப் பெயர் எழுதி ஒரு நிற அட்டவணை செய்துகொள்ளுங்கள். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள்.

முகத்துக்கு எல்லோரும் வெளிர் நிறமே காட்டுகிறார்கள். மாநிற, கறுத்த முகங்களை எப்படித் தீட்டுவது? நான் தீட்டினால் சேறு பூசியது போல் ஆகிறது.

நீங்கள் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சேறு போல் ஆவதற்குக் காரணம், நிழலுக்குச் சாம்பலோ கறுப்போ போடுவது. கறுத்த தோலின் நிழல் சாம்பல் இல்லை, ஆழ்ந்த செம்பழுப்பு. மாநிறத்துக்கு ஈ11, ஈ13, ஈ15 வரிசையில் தொடங்குங்கள். இன்னும் கறுத்த முகத்துக்கு ஈ15-ஐ அடி நிறமாக வைத்து, நிழலுக்கு ஈ18, தாடைக்கு அடியிலும் முடியோரத்திலும் ஈ29. நெற்றி, மூக்கு நுனி, கன்னத்தின் மேல்பகுதி மூன்றிலும் அடி நிறத்தைத் தொடாமல் விடுங்கள். முகத்தின் ஒளி அங்கேதான் இருக்கிறது. கன்னச் சிவப்புக்கு வெளிர் ரோஜா நிறம் எடுபடாது, ஆரஞ்சு கலந்த சிவப்பைக் கொஞ்சமாகத் தொட்டு, உடனே ஈ15-ஆல் கரையுங்கள்.

கறுத்த முடிக்குக் கறுப்பு மார்க்கரைத் தொடவே வேண்டாம். கூல் கிரே என்ற சாம்பல் வரிசையில் சி5, சி7, சி9 போதும். வளைவு வெளிச்சத்தைச் சந்திக்கும் இடத்தில் சி5 தெரியட்டும். கறுப்பைப் போட்டால் ஸ்டாம்ப் கோடும் முடியும் ஒன்றாகிப் போகும்.

நிறம் கோட்டுக்கு வெளியே போய்விட்டால்? நிறமில்லா பிளெண்டர் அழித்துவிடுமா?

அழிக்காது, தள்ளும். அதில் சாயமே கிடையாது, வெறும் கரைப்பான். வெளியே கசிந்த இடத்தின் அப்பால் வைத்து உள்நோக்கித் தள்ளினால் நிறம் கோட்டுப் பக்கமாக நகரும். காயவிட்டு மறுபடி செய்யலாம். வெளிர் நிறமென்றால் ஏறக்குறைய மறையும், அடர் சிவப்பும் நீலமும் ஒரு நிழலை விட்டுத்தான் போகும். அப்போது படத்தைக் கத்தரித்து எடுத்து ஃபோம் டேப்பில் (பஞ்சு போன்ற தடித்த ஒட்டுப்பட்டை) ஒட்டிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

வராமல் பார்த்துக்கொள்ளக் கோடு வரை தீட்டாமல் ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்துங்கள். மீதி தூரத்தை மை தானே போய்ச் சேரும்.

புது கிளியர் ஸ்டாம்ப் (ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்) திட்டுத் திட்டாகப் பதிகிறது.

புது ஸ்டாம்பின் மேல் தயாரிப்பில் ஒட்டிய வழுவழுப்பு இருக்கும், மை முத்து முத்தாக விலகி நிற்கும். வெள்ளை ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துத் துடையுங்கள், அல்லது வேண்டாத தாளில் பலமுறை குத்துங்கள். இங்க் பேடை ஸ்டாம்பின் மேல் தட்டி மை ஏற்றுங்கள், தேய்க்க வேண்டாம். பெரிய படங்களுக்கு, மிஸ்டி போன்ற ஸ்டாம்ப் கருவி மிகவும் உதவும். தாள் நகராததால் விட்டுப்போன இடத்தில் அச்சுப் பிசகாமல் இரண்டாவது முறையும் குத்தலாம்.

வெள்ளை ஜெல் பேனா, கலர் பென்சில் எப்போது?

எல்லா மார்க்கர் வேலையும் முடிந்து, காய்ந்த பிறகு. ஜெல் மை மேல் மார்க்கரை ஓட்டினால் வெள்ளையும் போகும், நிப்பும் போகும்.

அட்டையை மடித்தால் மடிப்பில் வெடித்துப் பிளவு தெரிகிறது.

தாளின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். தாளை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ மடிப்பும் அந்தப் பக்கமே வர வேண்டும். மடிக்கும் முன் ஸ்கோர் கருவியால், இல்லையென்றால் எழுதாத பால்பாயிண்ட் பேனாவால், ஸ்கேலை ஒட்டி ஒரு பள்ளக் கோடு இழுங்கள். அடி அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 அட்டை. அதற்கு சி6 உறை சரியாக இருக்கும்.

நான் செய்த அட்டைகளை விற்கலாமா? படத்தை வரைந்தது ஸ்டாம்ப் நிறுவனம்தானே?

உரிமை அவர்களுடையது. ஆனால் பல நிறுவனங்கள், கையால் குத்திச் செய்த அட்டைகளை விற்க அனுமதி தருகின்றன. இதற்கு ஏஞ்சல் பாலிசி என்று பெயர். குத்திய படத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டு விற்பது பெரும்பாலும் அதில் சேராது. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், படித்துவிட்டு விற்கத் தொடங்குங்கள்.

இதோடு சேர்த்து, வேறொருவர் வரைந்த கோட்டில் வண்ணம் தீட்டுவது சொந்த வேலையா என்றும் ஒருவர் தயங்கிக் கேட்டிருந்தார். தயக்கமே வேண்டாம் தம்பி. 1843-இல் ஹென்றி கோல் கேட்டு ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த கிறிஸ்துமஸ் அட்டைதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்பார்கள். அதுவும் கோட்டுப் படத்தைக் கல்லச்சில் அச்சடித்து, ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியதுதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது முன்னால் நிற்கிறது, எது நிழலில் இருக்கிறது என்று முடிவெடுப்பது தீட்டுகிறவர். ஒரே ஸ்டாம்பைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்து அட்டைகள் வரும்.

மார்க்கரை நிற்கவைப்பதா, படுக்கவைப்பதா? தீட்டிய அட்டை எத்தனை நாள் நிறம் மங்காமல் இருக்கும்?

இரண்டு பக்கமும் நிப் இருப்பதால் படுக்கவையுங்கள். நிற்கவைத்தால் மை கீழ் நிப்புக்கே இறங்கும். மூடியைச் சத்தம் கேட்கிற வரை அழுத்துங்கள், ஆல்கஹால் ஆவியாகிப் போவது அந்த இடுக்கு வழியாகத்தான். வாசனை தலைவலி கொடுத்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தீட்டுங்கள், எரிகிற மெழுகுவர்த்தி பக்கத்தில் வேண்டாம்.

இந்த மார்க்கர்களில் இருப்பது சாயம். வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், அதுவும் வெயில் படும் இடத்தில் சீக்கிரமே. உறைக்குள்ளோ ஆல்பத்திலோ இருந்தால் பல வருடம் நன்றாக இருக்கும். சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டால், காய்ந்ததும் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியை மாட்டிவிட்டு அசலை உள்ளே வையுங்கள்.