மௌன அழைப்புகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

குழந்தை உரிமைகளுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பாக அரசு நடத்திய கலந்தாய்வுக் கூட்டம் ஒன்றுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பதினொரு பக்கப் பரிந்துரைகளைக் கொடுத்தோம், நகலை இணைத்துள்ளேன். பிறகு வந்த சுற்றறிக்கையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் எடுத்த புகைப்படம் மட்டும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டு நிதிச் சட்டத்துக்குப் பயந்து எங்கள் மூத்தவர்கள் அரசைப் பற்றி உரக்கப் பேசுவதே இல்லை. குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணான 1098-ஐ அரசு எடுத்துக்கொண்டபோதும் யாரும் வாய் திறக்கவில்லை. அரசோடு ஒரே மேசையில் உட்காருவது நம் குரலை நாமே விற்பது ஆகாதா? வெளியே நின்று போராடுவதுதானே நேர்மை?

பெயர் வெளியிட வேண்டாம்,
மதுரை.

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தின் முடிவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 1098 பற்றிய வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். சில மாதங்களாக அந்த எண்ணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வேலையில் கோபப்படாதவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை நீங்கள் செலவிடும் இடம் சரியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டு நிதி பற்றிய வருத்தத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவற்றால் சிறிய அமைப்புகள் படும் பாட்டை அறிவேன். அது தனியாக எழுத வேண்டிய பொருள். ஆனால் ஓர் அரசாணையை வரி விடாமல் படிப்பதற்கு எந்த நாட்டு நிதியும் தேவையில்லை.

மேசையா, தெருவா என்ற கேள்வியிலும் எனக்கு ஆர்வம் இல்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்குக் கிடைத்த எதுவும் இரண்டில் ஒன்றால் மட்டும் கிடைத்ததில்லை. 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது 2002-இல் அரசமைப்பின் 21ஏ பிரிவாகி, 2009-இல் கல்வி உரிமைச் சட்டமாக வருவதற்கு இடையே ஊர்வலம் போனவர்களும் உண்டு, வரைவுகளில் திருத்தம் எழுதியவர்களும் உண்டு, இரண்டையும் செய்தவர்களும் உண்டு. இன்றைய தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்துக் கிராமங்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்த எம்.வி. அறக்கட்டளையின் சாந்தா சின்ஹா, 2007-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவராக அமர்ந்தார். அவர் தம் குரலை விற்றார் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இனி உங்கள் பதினொரு பக்கங்களுக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ‘விழிப்புணர்வு’ இருக்கிறது. ‘குழந்தைகளின் நலன் உறுதி செய்யப்பட வேண்டும்’, ‘அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’, ‘போதிய நிதி ஒதுக்கப்பட வேண்டும்’ என்கிறீர்கள். தலைமைச் செயலகத்தில் கோப்பைக் கையில் வைத்திருக்கும் பிரிவு அலுவலர் இந்த வாக்கியங்களை வைத்து என்ன செய்வார் என்று ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தீர்களா? எந்த விதியில், எந்த உட்பிரிவில், எந்தச் சொல்லை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும்? செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்? யார் செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் யாரிடம் முறையிடுவது? இவற்றுள் ஒன்றுக்கும் உங்கள் மனுவில் பதில் இல்லை. அரசு உங்களை அவமதித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எடுத்துக்கொள்வதற்கு நீங்கள் ஏதும் கொடுக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். இப்படிச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். களத்தில் இரவும் பகலும் அலைகிற உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பக்கங்களில் இல்லையே என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசிவிட்டு வருவதால் என்ன நேரும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் போதும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களை மட்டுமே தடை செய்திருந்தது. 14 வயது வரை எந்த வேலையும் கூடாது என்ற முழுத் தடைக்காகக் குழந்தை உரிமை அமைப்புகள் பல்லாண்டுகள் குரல் கொடுத்தன. அந்தத் தடை வந்தது. அதே தாளில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தானவை என்று பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்ற விலக்கும் வந்தது. வீட்டுக்குள் நடக்கும் வேலையை எப்படிக் கண்காணிக்கப் போகிறீர்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2013-லேயே கேட்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பீடி சுற்றுகிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கின் பொருள் விளங்கும். இலையும் தூளும் வீட்டுக்கே வந்து இறங்குகின்றன. முதலாளி யாரென்று வீட்டிலிருப்பவர்களே அறிவதில்லை. இரவில் தாயோடு உட்கார்ந்து இலை வெட்டும் சிறுமி, அன்று வந்த திருத்தத்தின் சொற்படி, ‘உதவி’ செய்தவளானாள். ‘முழுத் தடை’ என்ற முழக்கம் பெரிதாக ஒலித்த அளவுக்கு, ஏஜென்ட் மூலம் வீட்டுக்கு வரும் கூலி வேலையைக் குடும்பத் தொழில் என்று கொள்ளக் கூடாது என்ற ஒற்றை வாக்கியம் ஒலிக்கவில்லை.

1098-இன் கதை இதற்கு நேர்மாறானது. அதனால்தான் நீங்கள் அதை ஒரே வரியில் முடித்தது எனக்கு வருத்தம் தருகிறது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, தெருவில் வாழும் பிள்ளைகளுக்குத் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் இரவில் கூப்பிட்டார்கள். அந்த அழைப்புகளிலிருந்து 1996-இல் அந்நிறுவனத்தின் களத் திட்டமாக, 1098-ஐ நடத்திய சைல்டுலைன் சேவை தொடங்கியது. மைய அரசு நிதி தர முன்வந்து, 1999-இல் நாடு முழுவதற்குமான அமைப்பு உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் ஒரு குழந்தையை, அதைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தக்கூடியவர்களைப் பட்டியலிட்டபோது, காவல் அலுவலர், அரசு ஊழியர் ஆகியோரோடு சைல்டுலைனையும் சேர்த்தது. தொண்டு நிறுவனங்கள் கட்டியெழுப்பிய ஒரு சேவை நாடாளுமன்றச் சட்டத்தில் பெயரோடு இடம்பெறுவது சாதாரணமானதன்று. மனுக் கொடுத்ததால் மட்டும் அந்த இடம் கிடைத்துவிடவில்லை. இரவில் அழைப்பை எடுத்து, 60 நிமிடத்துக்குள் குழந்தையிடம் போய்ச் சேருவது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, போனதையும் போக முடியாததையும் எழுதிவைத்தவர்களின் உழைப்பு அது.

அழைப்பு அந்தந்த ஊர்த் தொண்டு நிறுவனத்திலேயே ஒலித்த காலத்தில், ஒரு கட்டுரைக்காக அத்தகைய அறை ஒன்றில் சில இரவுகள் இருந்திருக்கிறேன். விசைத்தறிகள் நிறைந்த ஊர். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரோரம் ஒரு பாய். இரவுப் பணியில் ஒரு பெண் இருந்தார். மணி ஒலித்தது, எடுத்தார், எதிர்ப்பக்கம் பேச்சில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் வைக்கவில்லை. “பேசணும்னு இல்லப்பா. நான் லைன்லதான் இருக்கேன். எப்பத் தோணுதோ அப்பப் பேசு” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இணைப்பு துண்டிக்கப்பட்டதும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைத் திறந்து எழுதினார். பென்சிலால் அவரே கோடு போட்ட கட்டங்கள்: தேதி, நேரம், எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தது, பின்னால் கேட்ட ஓசை. அந்தக் கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, தறிச் சத்தம், கைக்குழந்தை அழுகை, தறிச் சத்தம், மூச்சு மட்டும், தறிச் சத்தம்.

“முதல் தடவை யாரும் பேச மாட்டாங்க மேடம். எடுக்கிறது ஆணா பொண்ணா, திட்டுற குரலா இல்லையான்னு பார்க்கும் பிள்ளைங்க” என்றார் அவர். தறிச் சத்தத்தோடு வந்த அழைப்புகள் பெரும்பாலும் இரவு ஷிப்டு தொடங்கிய பிறகு வருவதை அந்த நோட்டு காட்டிக்கொடுத்தது. தொழிலாளர் துறையின் ஆய்வோ பகலில் நடந்துகொண்டிருந்தது. பகலில் தறிக்கூடங்களில் குழந்தைகள் இல்லை என்ற அறிக்கையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தார் நோட்டையே மாவட்டக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்று ஆட்சியரின் மேசையில் விரித்து வைத்தார்கள். ஆய்வை இரவிலும் நடத்த வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். அவர்கள் எடுத்துச் சென்றது ஒரு நோட்டும் ஒரு கோரிக்கையும்தான். அரசின் ஓர் ஏற்பாட்டைத் தொண்டு நிறுவனம் மாற்றியதை நான் என் கண்ணால் பார்த்தது அங்கேதான். கொள்கை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பென்சில் கோடுதான்.

இப்போது 2023-க்கு வருவோம். மைய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்படி 1098 மாநில அரசுகளின் கைக்கு மாறியது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அவசர எண்ணான 112-உடன் இணைப்பு என்று அமைப்பு மாறியது. செலவு, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில், மைய அரசுக்கு 60 விழுக்காடு, மாநில அரசுக்கு 40 விழுக்காடு என்று பிரிந்தது. அதுவரை 500-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த சேவை இது. அரசு எடுத்துக்கொண்டதை நான் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். குழந்தையைக் காப்பது அரசின் கடமை. அதைத் தொண்டு நிறுவனங்களை நம்பி எத்தனை காலம் நடத்துவது? அரசு ஏற்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். 112-உடன் இணைத்ததால் காவல்துறை வண்டி வந்து நின்றால் குழந்தை மிரளும் என்று அப்போது எழுப்பப்பட்ட அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தைப் பத்திரிகைக்குச் சொன்ன பலர், நோட்டில் இருந்த கட்டங்கள் புதிய படிவத்தில் இருக்கின்றனவா என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. வாய் திறக்கவில்லை என்று மூத்தவர்களைக் குறை சொல்லும் நீங்கள், உங்கள் பதினொரு பக்கத்தில் 1098-க்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தோன்றலாம், தோன்றட்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் தொகுப்பூதியத்தில், மாதக் கடைசியில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கிற ஊழியர்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தறி ஊர்ப் பெண்ணைப் போலவே ஈரமுள்ளவர்களாக இருப்பார்கள். ஆனால் ‘மீட்கப்பட்ட குழந்தைகள்’, ‘குடும்பத்தோடு சேர்க்கப்பட்டோர்’ என்று மட்டும் கேட்கிற ஒரு படிவம் அவர்கள் கையில் இருக்குமானால், பேசாத குழந்தைக்காக அவர்கள் காத்திருந்த நேரம் யார் கணக்கிலும் வராது. கணக்கில் வராத வேலைக்கு அடுத்த நிதியாண்டில் ஆள் ஒதுக்க மாட்டார்கள். ஆள் இல்லாத அறையில் மணி ஒலித்தால், பேச்சு வராத அழைப்பைத் தவறான அழைப்பு என்று துண்டித்துவிடுவார்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, அமைச்சரைப் பார்க்க வேண்டியதில்லை. துறை இயக்குநர் கையெழுத்திடும் ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆகவே முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 1098-க்கான மாதாந்திர அறிக்கைப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். மௌன அழைப்புக்கு அதில் தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மாவட்டத்தில் 2023 முதல் மாதவாரியாக என்ன எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய காலத்தில் அந்தப் பணியைச் செய்த நிறுவனத்தாரிடம் பழைய பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிய கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டம் போட்டே காட்டி, ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பழைய பதிவேட்டிலிருந்து எடுத்தாளும்போது குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே தெரியக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, சட்டம் தடுக்காவிட்டாலும் நாம் செய்யக் கூடாது. துறைக்கு அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.