சிற்றோடை ட்ரவுட்டுக்கு எந்தத் தூண்டில் வாங்குவது?

கேள்வி: ஏப்ரலில் இமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறேன். தீர்த்தன் ஆற்றில் வந்து சேரும் சிறு ஓடைகளில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) வீசி ட்ரவுட் மீன் பிடிக்க ஆசை. கடையில் 9 அடி, 5 எண் ராட் (தூண்டில் கோல்), ரீல், லைன் சேர்ந்த செட்டைக் காட்டி, "எந்தத் தண்ணிக்கும் இது போதும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஓடைக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஃப்ளைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லைனின் எடைதான். ராட்டில் உள்ள எண் குறிப்பதும் அதையே. லைனின் முதல் 30 அடி, 5 எண்ணில் 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 3 எண்ணில் 100 கிரெயின், ஏறக்குறைய ஆறரை கிராம். ஓடையில் வீச்சே 15 முதல் 25 அடிதான். அதில் லீடருக்கு (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) ஏழரை அடி போக, ராட் நுனியைத் தாண்டி நிற்கும் லைன் மிகக் கொஞ்சம். அந்த எடைக்கு 5 எண் ராட் வளைந்து கொடுக்காது. லைனும் லீடரும் விரியாமல் குவியலாக விழும், மீன் மிரண்டு ஒதுங்கிவிடும். போதாததற்கு 9 அடிக் கோல் மரக்கிளைகளில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

7 முதல் ஏழரை அடி, 3 எண், கைப்பிடிக்கு அருகே வரை மெதுவாக வளையும் ராட் கேளுங்கள். ஆற்றிலும் வீசுவீர்கள் என்றால் 8 அடி, 4 எண். வாங்குமுன் ஒவ்வொரு வளையத்திலும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். நார் சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது லைனை அறுத்துவிடும்.

ராட்டில் மிச்சம் பிடித்தாவது நல்ல லைன் வாங்குங்கள். பெட்டியில் 'டிடி3எஃப்' என்றிருக்க வேண்டும்: இரு முனையும் மெலிந்தது, 3 எண், மிதப்பது. ஒரு முனை வெடித்துத் தேய்ந்ததும் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். ஒரு விலையில் இரண்டு லைன். ரீல் இங்கே லைனைச் சுற்றிவைக்கத்தான், விலை கூடிய பிரேக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரீலில் லைனுக்கு அடியில் 20 பவுண்டு டேக்ரான் நிரப்பு நூலை (பேக்கிங்), லைன் போக இடம் இருக்கும் அளவுக்குச் சுற்றினால் லைன் இறுக்கமாகச் சுருளாது.

ஏழரை அடி 4எக்ஸ் லீடர், அதன் நுனியில் 2 அடி 5எக்ஸ் (0.15 மி.மீ.) நைலான் டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் கடைசி நரம்பு. 'எக்ஸ்' எண் கூடக் கூட நரம்பு மெலியும். ஃப்ளூரோகார்பன் விலையும் அதிகம், அடர்த்தியும் அதிகம். மிதக்கும் ஃப்ளைக்கு நைலானே நல்லது. ஃப்ளைகளில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், கொக்கி 12 முதல் 16 அளவுக்குள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். விடுகிற மீன் பிழைக்கும். மீன்வளத் துறையின் உரிமம் கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் இனப்பெருக்கக் காலம், பிடிக்கத் தடை.

கேள்வி: புது டிப்பெட், சிறு மீனுக்கே அறுகிறது. சரக்கு மட்டமா?

பதில்: அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது: எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். நேராக அறுந்திருந்தால், வீசும்போது தானாக விழுந்த முடிச்சோ பாறைக் கீறலோ காரணம். விரலால் அடிக்கடி தடவிப் பார்த்து, தட்டுப்படும் இடத்தை வெட்டிவிடுங்கள். இரண்டும் இல்லாமல், முடிச்சிடாத வெறும் நரம்பே கையால் இழுத்ததும் பட்டென்று போனால், சரக்கில்தான் கோளாறு. வெயில் பட்ட நைலான் வலுவிழக்கும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சுருளை விட்டு, பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.