கடனை அடைக்க 21 லட்சம் கேட்கிறார் வீட்டுக்காரர், கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனி வீடு 58 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். விற்பவருக்கு வீட்டுக் கடனில் இன்னும் 21 லட்சம் பாக்கி. பத்திரங்கள் வங்கியில் இருப்பதாகச் சொல்லி நகல் மட்டும் காட்டினார். முன்பணமாக 3 லட்சம் கொடுத்தோம். அதில் 1 லட்சம் ரொக்கம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், பதியவில்லை. இப்போது, "21 லட்சத்தைக் கொடுங்கள், கடனை முடித்துப் பத்திரத்தை வாங்கிவந்துவிடுகிறேன், அடுத்த வாரமே கிரயம் செய்யலாம்" என்கிறார். எங்கள் கையில் 20 லட்சம் இருக்கிறது. மீதி 35 லட்சத்துக்கு வங்கிக் கடன் கேட்டிருக்கிறோம். வில்லங்கச் சான்றில், இவருக்கு முன்பு இருந்த உரிமையாளர் 2008-ல் வேறொரு வங்கியில் வைத்த அடமானமும் ரத்தாகாமல் நிற்கிறது. ஆவணியில் பால் காய்ச்ச நினைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அவர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டைத் தாராளமாக வாங்கலாம். கடன் இருக்கிற வீடு என்பது இன்று சாதாரண விஷயம். ஆனால் அந்த 21 லட்சம் உங்கள் கணக்கிலிருந்து நேராக அவருடைய கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

அவர் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பணம் அவருடைய சேமிப்புக் கணக்கில் விழுந்த மறுநாள் அவருக்கு வேறொரு அவசரச் செலவு வரலாம். அல்லது கடனை ஒழுங்காக அடைத்துப் பத்திரத்தை வாங்கிய பிறகு, "இப்போ 65 லட்சத்துக்குக் கேட்கிறாங்களே" என்று இழுக்கலாம். இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாங்குபவர் பணத்தில் வில்லங்கம் தீர்ந்ததும் சொத்து சுத்தமாகிவிடும், விலையும் ஏறிவிடும். அப்புறம் நீங்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

சட்டம் உங்களைக் கைவிட்டுவிடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ன் 55-ஆவது பிரிவுப்படி, விற்கும் நாள் வரை சொத்தின் மேல் இருக்கும் கடன்களைத் தீர்ப்பது விற்பவர் பொறுப்பு. நீங்கள் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே உங்களுக்குப் பாத்தியதையும் உண்டு. வில்லங்கம் இல்லை என்று சொல்லி விற்க வந்தவரை, அடமானத்தை மீட்டுத் தரச் சொல்லி வற்புறுத்தவும் குறித்த நிவாரணச் சட்டம் 1963-ன் 13-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வழக்குப் போட்டு வாங்க வேண்டிய உரிமைகள். வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முதலில் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும், பேசியபடி கிரயம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. விவரம் தெரியாமல், பணம் கொடுத்து, நல்லெண்ணத்தோடு வாங்கிய இன்னொருவர் வந்துவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். பழைய தாளை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதிப் பதியுங்கள். கடன் கணக்கு எண், பாக்கித் தொகை, அதை யார், எப்படி, எந்தத் தேதிக்குள் கட்டுவது என எல்லாம் அதில் வர வேண்டும். பத்திரத்திலோ கடனிலோ அவர் மனைவி பெயரும் இருந்தால் அவரும் கையெழுத்திட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தை மறக்காமல் சேர்க்கச் சொல்வேன். பத்திரம் எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பணத்தில் அடமானம் மீட்கப்பட்டால், வங்கிக்கு அந்தச் சொத்தின் மேல் இருந்த உரிமை உங்களுக்கு வந்து சேரும் என்று விற்பவர் ஒப்புக்கொள்வதாக எழுத வேண்டும். மேலே சொன்ன 1882 சட்டத்தின் 92-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். அந்த ஒப்புதல் பதிவு செய்த ஆவணத்தில் இருக்க வேண்டும்; கடன் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இங்கேதான் இடிக்கிறது. கையில் 20, பாக்கி 21. நீங்கள் 20 லட்சத்தைக் கட்டிவிட்டு 1 லட்சம் நின்றால், பணமும் போய், இந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்பீர்கள். அவர் வாங்கிய முன்பணத்திலிருந்து 1 லட்சத்தை அதே நாளில் கடன் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

இதைவிட நல்ல வழி, உங்களுக்குக் கடன் தரும் வங்கியையே 21 லட்சத்தை விற்பவரின் வங்கிக்கு நேராகக் கொடுக்கச் சொல்வது. தினமும் நடக்கிற வேலைதான். விற்பவர் தன் வங்கியில் எழுதிக் கேட்டால், எந்தத் தேதி வரை எவ்வளவு கட்டினால் கடன் முடியும், தங்களிடம் என்னென்ன மூல ஆவணங்கள் இருக்கின்றன என்று கடிதம் தருவார்கள். தொகை வந்ததும் ஆவணங்களை உங்கள் வங்கியிடம் ஒப்படைப்போம் என்ற உறுதியும் அதிலேயே இருக்கட்டும். வட்டி நாள்கணக்கில் ஏறும், அதனால் கடிதத்தின் தேதி தாண்டினால் புதிதாக வாங்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது. அப்படி ஏதாவது சொல்லி விற்பவர் உங்களிடம் கூடுதலாகக் கேட்டால், ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தில் வீட்டுக் கடன் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதே பத்திரத்தின் மேல் டாப்-அப் கடன், தொழில் கடன், யாருக்கோ ஜாமீன் நின்றது என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். 21 லட்சத்தைக் கட்டிய பிறகு, "இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு சார்" என்று வங்கியில் சொன்னால் என்ன செய்வீர்கள்? வேறு எந்த நிலுவைக்கும் இந்தச் சொத்து ஈடாக இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். அவர் தவணைகளை ஒழுங்காகக் கட்டி வருகிறாரா என்றும் கேளுங்கள். வாராக் கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டிருந்தால், அதன் பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் வீட்டை விற்கவே முடியாது.

வில்லங்கச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பதிவானவை மட்டும்தான் தெரியும். சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் பத்திரத்தை வங்கியில் கொண்டுபோய் ஒப்படைத்தாலே, எதையும் எழுதாமலேயே, அடமானம் உண்டாகிவிடும். அதனால்தான் நகலைக் காட்டுபவரிடம் எப்போதும் அசல் எங்கே என்று கேட்கிறோம். வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடும் இருக்கிறது. சிறு கட்டணத்தில் இணையத்திலேயே தேடலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

2008 அடமானம் பெரும்பாலும் தீர்ந்த கடனாகத்தான் இருக்கும். அசல் பத்திரம் அந்த வங்கியிலிருந்து வெளியே வந்ததால்தான் இப்போதைய வங்கி அதை வாங்கி வைத்திருக்கிறது. அடமானக் கடனுக்கு வழக்குப் போட 12 ஆண்டுதான் காலவரை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கு பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து தொடங்கும், நடுவில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்கும். அதை நம்பி உங்கள் வங்கியின் வக்கீல் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கிளைக்குப் போய்க் கடன் முடிந்த கடிதம் வாங்கி, வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் (அடமானம் தீர்ந்தது என்று காட்டும் பத்திரம்) பதிந்து கொடுத்தால் சரி. கிளைகள் இணைந்து, பழைய கோப்பு எங்கோ கிடங்கில் கிடக்கும் காலம் இது. அலைச்சல் இருக்கும், அதை விற்பவர்தான் படவேண்டும்.

பதிவு நாளில் இப்போதைய கடனுக்கும் இதே வரிசைதான். முதலில் அவருடைய வங்கியின் ரசீது ஆவணம், அடுத்து உங்கள் கிரயப் பத்திரம், அதன் பின், பத்திரத்தை ஈடாக ஒப்படைப்பதாக உங்கள் வங்கிக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் உரிமை ஆவண ஒப்படைப்பு. முடிந்தால் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். சொத்து விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால், 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. மொத்தம் 58,000 ரூபாய். கடன் கணக்குக்குப் போகிற 21 லட்சமும் விற்பவருக்குக் கொடுத்ததாகவே கணக்கு. வங்கிக்கோ முழுத் தொகை போயாக வேண்டும். அதனால் அந்தப் பங்கு வரியை எப்படிச் சரிக்கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் கணக்கே வேறு, என்னிடம் தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, அந்த 1 லட்சம் ரொக்கம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவர் மேல் அதே அளவு தொகை அபராதமாக விழலாம். நடந்தது நடந்துவிட்டது. மறைக்காமல் புதிய ஒப்பந்தத்தில் காட்டிவிடுங்கள், இனி ஒரு ரூபாயும் ரொக்கமாக வேண்டாம்.

ஆவணி நாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் முழுவதும் தீர்ந்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்த இழப்பீடு கடன் வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்கு. உங்கள் கையில் 30 நாள் மட்டும்தான் கணக்கு. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதை, அவர் வங்கியின் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.