தமிழில்தானே போடுகிறேன் என்று இருந்துவிட வேண்டாம்

தம்பி, கீழக்கரையிலிருந்து துபாய்க்குக் கிடங்கு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவது வேலையைப் பாதிக்குமா, எல்லாம் தமிழில்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிக்கும். முகநூலே மொழிபெயர்த்துக் காட்டிவிடும். அது இல்லாவிட்டாலும் ஆபீஸில் தமிழரும் மலையாளிகளும் இருப்பார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், ஒருவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் போகாது. நீங்கள் இப்போது புரொபேஷனில், அதாவது வேலைக்குச் சரிப்படுவீர்களா என்று பார்க்கும் தொடக்கக் காலத்தில், இருக்கிறீர்கள். இங்கே அது அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் 14 நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். உங்கள் பதிவுதான் காரணம் என்று அதில் எழுதியிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் நல்ல மனசால் மாட்டும் இடம் ஒன்று உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர் குடும்பத்துக்கு உதவி, ஊரில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் என்று கியூஆர் கோடோடு ஊர்க் குழுவில் வரும். மனசு கேட்காமல் நாலு குழுவுக்குத் தள்ளிவிடுவோம். இங்கே உரிமம் இல்லாமல் இணையத்தில் நன்கொடை கேட்பதும் அதைப் பரப்புவதும் குற்றம். 2021-ல் வந்த 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி அபராதம் 2 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹம் வரை, சிறையும் உண்டு. உதவ வேண்டுமென்றால் உங்கள் சொந்தப் பணத்தை அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். அந்தப் பதிவைப் பரப்பாதீர்கள்.

சூப்பர்வைசரைத் திட்டுவதும் அதே சட்டத்தில் வரும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் திட்டினாலும் 2.5 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம் வரலாம், சிறையும் வரலாம். சம்பளம் தங்கினால் முகநூலில் எழுதாதீர்கள். மனிதவள அமைச்சகத்தின் செயலியில் புகார் கொடுங்கள், அங்கேதான் கேட்பார்கள்.

அடுத்தது படம். கிடங்கில் ஒரு செல்ஃபி எடுத்தால் உங்கள் முகம் நடுவில் இருக்கும். தோளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில் கன்டெய்னர் நம்பர், வாடிக்கையாளர் பெயர், லாரி வரும் நேரம் எல்லாம் இருக்கும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் அத்தனையும் படிக்கலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் தெரியும். கம்பெனி ரகசியம் வெளியே போய் நஷ்டம் வந்தது என்று விசாரணையில் முடிவானால், நோட்டீஸே இல்லாமல் நிறுத்தலாம். பக்கத்தில் நிற்பவரை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துப் போடுவதும், ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைப் படம்பிடிப்பதும் குறைந்தது 6 மாதச் சிறையில் கொண்டுபோய் விடலாம்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முகநூல் செட்டிங்ஸில் பழைய பதிவுகளை எல்லாம் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். அதோடு முடியாது. மற்றவர் பக்கங்களில் நீங்கள் போட்ட கமெண்ட் அப்படியே நிற்கும். நீங்கள் போட்டது எல்லாம் வரிசையாக இருக்கும் ஆக்டிவிட்டி லாகைத் திறந்து, அரசியல் சண்டையையும் மதச் சண்டையையும் தேடித் தேடி அழியுங்கள். அழித்த பதிவு குப்பைப் பெட்டியில் 30 நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழிக்க வேண்டும். உங்களை டேக் செய்யும் பதிவு நீங்கள் பார்த்த பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை 'இவர்களுக்கு மட்டும்' என்று மாற்றி, ஆபீஸ் நம்பர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள். வேறு கம்பெனியோடு வேலைக்குப் பேசிக்கொண்டிருந்தால், கையெழுத்தாகி விசா மாறும்வரை லிங்க்ட்இனில் வாய் திறக்க வேண்டாம்.

வீட்டிலும் சொல்லிவையுங்கள். நீங்கள் அனுப்பும் கிடங்குப் படத்தை, மகன் வேலை பார்க்கும் இடம் என்று உம்மா ஆசையாக ஸ்டேட்டஸில் வைப்பார்கள். ஊர்க்காரர் ஒருவர் வழியாக அது இங்கே திரும்பி வந்தால், யார் எடுத்தது என்று கம்பெனி உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கும்.